மாப்பிள்ளை பூட்டாத கொக்கி

எங்கள் தண்ணீர் லாரி ஷெட்டில், லாரிகளோடு பேசும் ரேடியோவுக்காக நட்ட கம்பம் ஒன்று இருக்கிறது. அதன் உச்சிக்குப் போகிற காகம் பாதியில் ஒருமுறை உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் மேலே போகும். இதை யாரும் நம்புவதில்லை. போகட்டும். இப்போது நான் சொல்ல வந்தது காகத்தைப் பற்றி அல்ல, என் மாப்பிள்ளையைப் பற்றி.

அவர் லாரிக்குப் புது ரேடியோ வந்தபோது அவரே பூட்டினார். கிட்டே யாரையும் விடவில்லை. குறை சொல்ல முடியாத வேலை. மற்ற லாரிகளில் சாவியைத் திருப்பினால்தான் ரேடியோவுக்குக் கரண்ட் போகும். இவர் பேட்டரியிலிருந்தே நேராகத் தடித்த ஒயர் இழுத்தார். பேட்டரியை ஒட்டி ஃப்யூஸ், ஒயர் தகரத்தில் உரசாமல் ரப்பர் வளையம், கூரையின் நடுவில் ஆன்டெனா. பெட்டியை அவர் முடுக்கிய முடுக்கில், லாரி கவிழ்ந்தாலும் ரேடியோ கவிழாது. மைக்கை மாட்டும் கொக்கியை மட்டும் பூட்டவில்லை.

"புது வண்டி மாமா. அது மூஞ்சியிலயே ஓட்டை போடச் சொல்றீங்களா?" என்றார்.

மைக் சீட்டில் கிடந்தது. ரொம்ப நேரம் பேசினால் ரேடியோ தானாகவே பேச்சை வெட்டிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் பேச்சு அதற்குள் அடங்காது. வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வெட்டுகிறது என்று மெக்கானிக்கிடம் சண்டை போட்டு அதையும் எடுக்க வைத்திருந்தார்.

அன்று காலை என் மகள் ஷெட் அறையில் ரேடியோ முன் உட்கார்ந்து லாரிகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பது என் வேலை. திடீரென்று ரேடியோவிலிருந்து மாப்பிள்ளை பாட ஆரம்பித்தார். சுவரில் இருந்த பல்லி இறங்கி வெளியே போனது.

"மைக் பட்டன் அழுந்திக் கிடக்குப்பா," என்றாள் மகள். "மேல எதையோ வச்சிருக்காரு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு கல்குவாரிக்குப் போயிருக்காருப்பா. அங்க வெடி வைக்கிற நாள்."

என் கையிலிருந்த டீ அதற்குப் பிறகு வாய்க்குப் போகவில்லை. பாறையில் துளை போட்டு, மருந்து நிரப்பி, ஆட்கள் ஒயரோடு ஒயர் இணைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ரேடியோ பேசினால், அந்த ஒயரே ஆன்டெனா மாதிரி அதை வாங்கிக்கொள்ளும். யாரும் பொத்தானை அமுக்காமலேயே பாறை கிளம்பிவிடலாம். அதனால் குவாரி கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் வண்டியை நிறுத்திச் சாவியைக் கேட்டுக்காரரிடம் கொடுப்பார். சாவி அவர் அறை ஆணியில் தொங்கினால் ரேடியோ செத்துவிட்டது என்று கணக்கு. மாப்பிள்ளை லாரியில் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. வெடி வைக்கும் இடத்திலிருந்து கேட்டாவது தூரத்தில் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. குவாரி வளர்ந்து வளர்ந்து, பாறை கேட்டுக்கே வந்து நிற்கிறது.

மகள் தன் மைக்கை எடுத்துக் கூப்பிட்டாள். பயனில்லை. அவர் பட்டன் அழுந்தியிருக்கும் வரை அவர் ரேடியோவுக்குக் காது கிடையாது. செல்போனில் கூப்பிட்டாள். அது அவள் எதிரிலேயே, மேஜை மேல் அடித்தது. குவாரிக்குள் போன் கூடாது என்பதால் அதை இங்கேயே வைத்துவிட்டுப் போவது அவர் ஒழுக்கம்.

ரேடியோவில் பாட்டு நின்று பேச்சு தொடங்கியது. "எங்க மாமனார் இருக்காரே, பொய் மூட்டை. அவிழ்த்தா முடியாது," என்று மாப்பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு இன்ஜின் அணைந்தது. கதவு அறைந்து சாத்தும் சத்தம். காலடிகள் தள்ளிப் போயின.

"போய்ச் சேர்ந்துட்டாருப்பா," என்றாள். அவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் குவாரி கேட்டு அறையின் லேண்ட்லைனுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து, கடைசியில் எடுத்தார் கேட்டுக்காரர்.

"பெரியவரா. சொல்லுங்க, இன்னைக்கு என்ன கதை?"

"கதை இல்லப்பா. எங்க மாப்பிள்ளை லாரி ரேடியோ பேசிக்கிட்டே இருக்கு. உடனே அணை."

"வண்டி என் ஜன்னலை ஒட்டித்தான் நிக்குது. அவரு பின்னாடி பைப்பு மாட்டப் போயிருக்காரு. சாவி என் ஆணியில தொங்குது. அப்புறம் ரேடியோ எப்படிப் பேசும்?"

"பேட்டரியிலேருந்து நேரா ஒயர்ப்பா. சாவிக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

"போன மாசம் உங்க கம்பத்துல நிலா மாட்டிக்கிச்சுன்னீங்க. நான் மொட்டைமாடி ஏறிப் பார்த்தேன்."

"லேட்டாப் போயிருப்ப. அதை விடுப்பா, ஆளுங்க செத்துப்போவாங்க."

அவர் சிரித்தார். மகள் போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, அப்பா சொல்றது நிஜம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அணைங்க."

"ஏம்மா, உன்னையும் கூட்டு சேர்த்துட்டாரா?"

அந்த வார்த்தைகள் எனக்கு இன்னொரு பக்கமிருந்தும் கேட்டன. ரேடியோவிலிருந்து. அவர் ஜன்னல் இங்கே, லாரி ஜன்னல் அங்கே. சீட்டில் கிடந்த மைக் அவர் பேச்சையும் எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நான் மகளின் கையோடு போனை இழுத்து ரேடியோவின் வாயில் வைத்து அழுத்தினேன்.

"என்ன சத்தத்தையே காணோம்? கதை தீர்ந்துபோச்சா?" என்றார் கேட்டுக்காரர். ரேடியோவும் அதையே சொன்னது. போன் அதை அவர் காதிலேயே கொண்டுபோய்ப் போட்டது.

"யாரு அது, என்னை மாதிரியே பேசறது?"

"யாரு அது, என்னை மாதிரியே பேசறது?" என்றது ரேடியோ.

போன் விழுந்த சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. ஓடும் செருப்பு. லாரிக் கதவு. ஏதோ தகரம் உருண்டது. பிறகு ரேடியோ அடங்கியது.

அந்த அமைதிக்காகத்தான் அவ்வளவு நேரம் தவித்தோம். வந்த பிறகு அதைத் தாங்க முடியவில்லை. அணைத்ததால் வந்த அமைதியா, வெடித்ததால் வந்த அமைதியா என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. மகளின் கை மைக்கை நோக்கிப் போனது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுங்கப்பா. ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கறேன்."

"நீ கூப்பிட்டா அவரு பதில் சொல்ல பட்டனை அமுக்குவாரு."

அவள் என்னை அடித்தாள். தோளில், நெஞ்சில், வலிக்கிற மாதிரியே அடித்தாள். நான் பிடியை விடவில்லை. போனில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறகு யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"பெரியவரே." கேட்டுக்காரர்தான். "டிபன் டப்பா. மைக் மேல டிபன் டப்பாவைத் தூக்கி வச்சிருக்காரு மனுஷன். எடுத்துட்டேன். ரேடியோவையும் அணைச்சாச்சு. வெடிக்காரரும் ஆளுங்களும் பாறையை விட்டுக் கீழே வந்துட்டாங்க. எல்லாரும் இருக்காங்க."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனில் மாப்பிள்ளை வந்தார்.

"மாமா, நான் பாடினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அதுக்கப்புறம் பேசினதும் கேட்டுச்சு."

மாப்பிள்ளை ஒரே வரியில் பேச்சை முடித்தார். வாழ்க்கையில் முதல்முறை.

"கொக்கியைப் பூட்டிடறேன் மாமா."

"ஓட்டை விழுமே மாப்பிள்ளை."

"விழட்டும் மாமா."

கேட்டுக்காரர்தான் பாவம். போனில் தன்னோடு தானே பேசியதையும், அப்படித்தான் அத்தனை உயிரும் தப்பியது என்பதையும் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். ஒருவரும் நம்பவில்லை. அவருக்காகச் சாட்சி சொல்ல நானே நேரில் போனேன். அதோடு அவர் பேரும் கெட்டது.