நாற்பத்திரண்டு படிகள்

நாடு முழுவதும் உள்ள நூறு புனிதத் தலங்களைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. பஸ்ஸில் ஏறிப் பத்து நிமிடம் ஆனால் எனக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். ரயிலில் அரை மணி நேரம் தாங்குவேன், அவ்வளவுதான். வீட்டுக்கும் பதிப்பகத்துக்கும் நடந்தே போய்வருகிற ஒருவன், ஆற்றங்கரைக் கோயில், கடலோரத் தேவாலயம், மலைமேல் தர்கா, காட்டுக்குள் விகாரை என்று நூறு இடங்களுக்கு ஜனங்களை அனுப்பிவைக்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்! எனக்கு இருந்தது.

பதிப்பகத்தின் பின்னறையில், காகிதக் கட்டுகளுக்கும் சுவருக்கும் நடுவே என் மேஜை. அதன்மேல் நாலைந்து பழைய புத்தகங்கள், ஒரு ரயில் அட்டவணை, ஒரு தொலைபேசி. என் யாத்திரை எல்லாம் அதோடு சரி. ஒரு தலத்துக்கு ஒரு பக்கம், ஒரு படம். எப்படிப் போவது, எப்போது திறந்திருக்கும், எத்தனை படி, எங்கே தங்குவது, என்ன சிறப்பு என்று ஐந்து தலைப்புகள். கோயிலோ மசூதியோ, எல்லாவற்றுக்கும் அதே ஐந்துதான்.

முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. "சுமாரா, ஏறக்குறைய, சில படிகள்னெல்லாம் எழுதாதப்பா. படிக்கிறவனுக்கு நம்பிக்கை வராது. எண் போடு" என்பார். நான் எண் போட்டேன். எண்ணைப் பார்த்துவிட்டால் ஜனங்கள் கேள்வி கேட்பதில்லை என்பதை நானும் சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

மலைத் தர்காவின் பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. அங்கே இருந்த தொலைபேசி எண் மாறிப்போயிருந்தது. பழைய புத்தகங்கள் எதிலும் படிக்கணக்கு இல்லை. அச்சகத்து ஆள் வாசலில் வந்து நின்றுவிட்டான். கையில் இருந்ததெல்லாம் அடிவாரத்திலிருந்து எடுத்த ஒரு புகைப்படம். அதில் படிகள் நேராக மேலே போய் ஒரு வெள்ளைச் சுவரில் முடிந்தன. நான் பூதக்கண்ணாடியை எடுத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு படியாகத் தொட்டு எண்ணினேன். நாற்பத்திரண்டு. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினேன். அதே நாற்பத்திரண்டு. எனக்கு என் நேர்மையை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்தும் அம்மா ஒருவர் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, "படத்துல தெரியறது மட்டும்தான் படியா?" என்று கேட்டார்.

"நீங்க ஒற்றுப்பிழையைப் பாருங்கம்மா, போதும்" என்று வெடுக்கென்று சொன்னேன். பாவம், முகம் சுண்டிப்போய் நகர்ந்துவிட்டார்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. சொந்தக்காரர்களிடையே எனக்கு 'ஊர்சுற்றி' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. நானும் மறுக்கவில்லை. யாராவது கேட்டால், "அங்கே காத்து எப்படி இருக்கும் தெரியுமா!" என்று கண்ணை மூடிக்கொண்டு அளப்பேன். என்னை அதிகமாக நம்பியவர் என் அக்காவின் கணவர்.

மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நாட்டில் அவர் சக்கரம் படாத சாலை இல்லை. எந்தப் புனிதத் தலத்தைத் தாண்டினாலும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். கோபுரமோ, சிலுவையோ, பச்சைக் கொடியோ, எதைப் பார்த்தாலும் இரண்டு ஹாரன். "திரும்பி வர்றப்ப எறங்குறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போவாராம். திரும்பி வரும்போதும் சரக்கு இருக்கும், அவசரம் இருக்கும். இறங்கியதே இல்லை. கடைசியில் சர்க்கரை நோய் கண்ணை வாங்கிக்கொண்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். அதோடு இதயமும் படுத்த, பெரிய ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி மூணு பேருக்காவது முகத்தைக் காட்டிட்டு வந்துடறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றார் மாமா. "அடிக்கடி தாண்டிப் போனது அந்த மூணு எடத்தைத்தான். ஆத்தங்கரைக் கோயிலு, கடலோரச் சர்ச்சு, மலைத் தர்கா. முப்பது வருஷம் ஏமாத்தியிருக்கேன்."

டாக்டர், மூச்சு வாங்காமல் எவ்வளவு நடக்க முடியுமோ அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அக்கா எனக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"தம்பி, மத்த ரெண்டும் சமதரையாம். மலைதான் பயமா இருக்கு. நாப்பத்திரண்டு படின்னு போட்டிருக்கியே, நெசந்தானே?"

"ஆமாக்கா."

"நீ ஏறிப் பாத்தியா?"

அவள் என்னிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான். 'இல்லக்கா, படத்தைப் பாத்து எண்ணினேன்' என்று சொல்ல எனக்கு ஒரு நொடிதான் ஆகியிருக்கும். பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். மாமா வேறு அந்தப் பக்கத்திலிருந்து, "அவனப் போய்க் கேக்குற பாரு! ஊர்சுற்றிடி அவன்!" என்று சிரிப்பது கேட்டது.

"பின்ன? ஏறாமயா எழுதுவேன்?" என்றேன், வாய் கூசாமல்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார்கள். போய்ப் பார்த்தேன். கூடத்தில் அக்கம்பக்கத்தார் நாலு பேர் உட்கார்ந்திருக்க, நடுநாயகமாக மாமா. என் குரலைக் கேட்டதும் கையை நீட்டித் துழாவி, என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். நெஞ்செலும்பு என் மேல் இடித்தது, அவ்வளவு இளைத்திருந்தார்.

"புத்தகம்னா இது புத்தகம்! நானே எண்ணினேன் மச்சான். ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல. கரெக்டா நாப்பத்திரண்டு!" கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "மத்த ரெண்டு எடத்துலயும் நல்ல தரிசனம்தான், ஆனா கூட்டம், தள்ளுமுள்ளு. மலையிலதான் என்னைத் தனியா விட்டாங்க. சுவத்துல கன்னத்தை வச்சேன். அந்த வெயில்லயும் என்ன குளிர்ச்சி! 'வந்துட்டேன், கோச்சுக்காதீங்க'ன்னு சொன்னேன். மச்சான், அந்தக் குளிர்ச்சியை மட்டும் நீ ஏன் எழுதல?"

"விட்டுப்போச்சு மாமா" என்றேன். "அடுத்த பதிப்புல சேத்துடறேன்."

எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் ரொம்ப அடக்கமானவன்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். போனேன். அடுப்பில் எதுவும் இல்லை. கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அறுநூத்திப் பன்னெண்டுடா" என்றாள், திரும்பாமல்.

"என்னது?"

"படி. கீழ காவக்காரரு சொன்னாரு." குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள், கூடத்தில் கேட்காதிருக்க. "நான் அவருகிட்ட விசாரிச்சிட்டுத் திரும்பறேன், இவரு அதுக்குள்ள கம்ப ஊணி எண்ண ஆரம்பிச்சிட்டாரு. இருபதுலயே மூச்சு எறைக்குது. போதுங்க, திரும்பிடலாம்ங்கறேன். 'இன்னும் இருபத்திரண்டுதான். உன் தம்பி பொய் சொல்ல மாட்டான்'ங்கறாரு. நாப்பத்திரண்டுல ஒரு திருப்பம். அங்க ஒரு வெள்ளைச் சுவரு. கைய வச்சிட்டு, 'இதுதானே?'ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

நான் அவள் கையிலிருந்த தட்டை வாங்கப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"ஆமான்னுட்டேன். அது தண்ணித் தொட்டிடா." அவள் குரல் உடைந்தது. "அது மேல கன்னத்தை வச்சிக்கிட்டு அப்படி அழுதாரு. ஏறுறவங்க எறங்குறவங்க எல்லாரும் பாத்தாங்க. ஒருத்தன் சிரிச்சிட்டான். வாயத் திறந்துடாதப்பான்னு நான் அவனைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். நான் சாமியக் கும்பிடல தம்பி, அவனத்தான் கும்பிட்டேன்."

என் அக்கா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் நான் எதையாவது உடைத்தால், 'தம்பிதான் உடைச்சான்' என்று உள்ளதைச் சொல்லி என்னை மாட்டிவிடுபவள் அவள். அவளை ஒரு புனிதத் தலத்தின் படியில் நிறுத்தி, சொந்தப் புருஷனிடம் பொய் சொல்ல வைத்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நானே மாமாகிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

இப்போதுதான் திரும்பினாள். "சொல்லி? உன் மனசு லேசாயிடும். அவரு மனசு? இனிமே வீட்டுப் படிகூட ஏறக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. மறுபடி கூட்டிட்டுப் போக முடியுமா உன்னால?"

முடியாது. அவள் தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள். "உன் பாரத்தை நீயே வச்சிக்க" என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போகட்டும் என்றுதான் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "யாராச்சும் கடுதாசி போட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப மறுபதிப்புல திருத்திடு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். முழங்கால் வலியோடும் கைக்குழந்தையோடும் என் எண்ணை நம்பி வந்து, திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்துத் திகைத்தவர்கள் எத்தனை பேரோ. கடுதாசி போட அவர்களுக்குத் தெம்பு இருந்திருக்காது.

அந்த மலைக்கு நானே புறப்பட்டேன். பஸ்ஸில் ஏழு மணி நேரம். வழியெல்லாம் பாலிதீன் பையும் கையுமாக இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் முதலில் பரிதாபப்பட்டார், பிறகு எழுந்து பின்னால் போய்விட்டார். அடிவாரத்தில் இறங்கி, ஒன்று என்று எண்ண ஆரம்பித்தேன்.

நாற்பத்திரண்டில் அந்தத் தொட்டி இருந்தது. 'குடிநீர். சாய்ந்து நிற்காதீர்கள்' என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். மனிதர்கள் கை வைத்து வைத்து ஓர் இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்தேன். மாமா சொன்னது உண்மைதான், சில்லென்று இருந்தது. அங்கே நின்று தண்ணீர் குடித்த ஒருவர், "இன்னும் ரொம்ப தூரம் இருக்குங்க" என்று என்னிடம் அன்பாகச் சொன்னார்.

மூன்று இடத்தில் உட்கார்ந்து, இரண்டு இடத்தில் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, மேலே போய்ச் சேர்ந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. உச்சி வெயிலில் தர்காவின் சுவர் கை வைக்க முடியாமல் சுட்டது. எல்லாரும் ஏதேதோ வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள், அவர்களில் ஒருவரிடம் கேட்கவும் கூடாது.

மறுபதிப்பு வந்தது. மலைத் தர்காவின் பக்கத்தில் படி அறுநூற்றுப் பன்னிரண்டு என்று திருத்தியிருந்தேன். 'நடக்க இயலாதவர்கள் ஏற வேண்டாம்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். மெய்ப்புப் பார்க்கும் அம்மா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

மாமா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. படுக்கையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். எப்படியோ தெரிந்துகொண்டு, "புதுப் பதிப்பு வந்துடுச்சாமே! என் மலையைப் படி மச்சான்" என்றார். அக்கா கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள்.

பக்கத்தைப் பிரித்தேன். அந்த நூறு பக்கங்களில் நானே நடந்து, நானே எண்ணி எழுதிய பக்கம் அது ஒன்றுதான். அதைப் படித்துக் காட்ட எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிகள் நாற்பத்திரண்டு" என்று வாசித்தேன்.

"ம். அப்புறம்?"

"சுவர் எந்த வெயிலிலும் குளிர்ந்தே இருக்கும்."

"எழுதிட்டான் பாத்தியா! நான் சொன்னதை எழுதிட்டான்!" மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. கையை என் பக்கம் நீட்டினார். "அந்த வரி எங்க இருக்கு? என் வெரலை அது மேல வை மச்சான்."

அவர் விரலைப் பிடித்து, அறுநூற்றுப் பன்னிரண்டின் மேல் வைத்தேன். அவர் அதை மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.