மூன்றாவது பல்

இந்தச் சாவிப் பல்லைக் கெடுத்தது நான்தானே என்று அவள் நினைத்தாள்.

அவள் வேலை பார்க்கும் சாவிக்கடை மேசையில் ஒரு சோப்புக் கட்டி இருந்தது. அதன் நடுவே ஒரு சாவியின் அச்சு. முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தங்கை கொண்டுவந்திருந்தாள்.

"ஃப்ரெண்டு வீட்டுச் சாவி, அக்கா. தொலைச்சிட்டா."

"தொலைஞ்ச சாவிய எப்படிடி சோப்புல அழுத்துனீங்க?"

வீட்டில் தங்கைக்குச் சில்வண்டு என்று பேர். ஒரு காலத்தில் வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தில் பேரை அடித்து வெளியே அனுப்பிய பிறகு, இந்த எட்டு மாதமாகக் கேட்டதற்கு மட்டும் பதில், அதிலும் பாதி பொய்.

அச்சில் மூன்றாவது பல் குட்டையாக இருந்தது. அக்கா தொழில் பழகிய முதல் மாதம் வெட்டியது, அரம் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டது. அம்மா கூட்டிப் பெருக்கும் மருந்துக்கடையின் பின்கதவுச் சாவி அது. வேறு வெட்டித் தருகிறேன் என்றாலும் அம்மா கேட்கவில்லை. "என் பொண்ணு வெட்டுனது. கொஞ்சம் வெளிய இழுத்துத் திருப்புனா திறந்துட்டுப் போகுது" என்று ஒரு வருஷமாக இழுத்துத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா தூங்குறப்ப எடுத்தியா?"

"குளிக்கிறப்ப." தங்கை தெருமுனையைப் பார்த்தாள். அங்கே இரண்டு பேர் பைக்கில் சாய்ந்து நின்றார்கள். "கொஞ்சம் மாத்திரை மட்டும்தான்க்கா. நீ வெட்டலேன்னா கடப்பாரையோட போவானுங்க. நானும் கூடப் போகணும். சாவி இருந்தா யாருக்கும் அடிபடாது."

"பூட்டு உடையாம சரக்கு போச்சுன்னா யாரப் புடிப்பாங்க? சாவி அம்மாகிட்டயும் கடைக்காரர்கிட்டயும்தான் இருக்கு. அவரு கடையில அவரே திருடிக்குவாரா?"

தங்கை மேசை விளிம்பைப் பிடித்தாள். "எங்க போனாலும் துரத்துறாங்க. வேலை கேட்டா வயசு பத்தலங்கறாங்க. அவனுங்க மட்டும்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறானுங்க. அதையும் விடச் சொல்றியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. 'ஏய்' என்பதைத் தவிர இவளைக் கடைசியாக என்ன சொல்லி அழைத்தேன்? யோசித்துப் பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. வெட்டிக் கொடுத்தால் அம்மா போலீஸ் ஸ்டேஷனில் உட்காருவாள். கொடுக்காவிட்டால் இவள் கடப்பாரையோடு போவாள். கை தன்னாலேயே வெற்றுச் சாவிகள் தொங்கும் பலகைக்குப் போய், அந்தச் சாவிக்கான ரகத்தைத் தொட்டும்விட்டது.

தொட்ட கையைக் கீழே இறக்கினாள்.

பாட்டிலைத் திறந்து சோப்பின் மேல் தண்ணீரை ஊற்றினாள். பித்தளைத் தூள் படிந்த கட்டைவிரலால் அச்சைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அக்கா, வேண்டாம்க்கா. அவனுங்க என்னை விடமாட்டானுங்க."

தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவள் காலால் முக்காலியைத் தங்கை பக்கம் நகர்த்தினாள்.

"உக்காரு, சில்வண்டு. சாயங்காலம் சேர்ந்து வீட்டுக்குப் போலாம்."

தங்கை உட்காரவில்லை. மறுபடியும் ஹாரன் அடித்தது. அவள் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக அந்தக் குட்டைப் பல்லும் வழவழவென்று மறைந்தது.