மூன்று வளையம்

உணவுச் சோதனைக்கூடத்தில் அவளைத் 'தராசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக எடை போடுகிறவள்.

கடையில் ஏற்கெனவே விற்கிற வெங்காய வளையங்கள் புது உறைக்காக வந்திருந்தன. மூன்று முறை அரைத்துக் கொழுப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும் நூறு கிராமுக்குப் பன்னிரண்டு கிராம். கடாயில் பொரித்ததற்கே பதினைந்துதான். பழைய உறையிலும் புது உறையிலுமோ, 'ஓவனில் சுடுவது, லேசான நொறுக்குத்தீனி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"சுடுறதுல எப்படிம்மா இவ்வளவு எண்ணெய் வரும்?" என்றார் மேலாளர்.

"ஃபேக்டரியிலயே அரை நிமிஷம் எண்ணெயில முக்கி எடுத்துடுறாங்க சார். மேல இருக்கிற ரொட்டித்தூள் பூராத்தையும் குடிச்சிடுது. வெங்காயத்து மேல ஒரு பழியும் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் மேலே ஆள் உண்டு. "உறையில ஒரு தடவை சாப்பிட ஆறு வளையம்னு போட்டிருக்குல்ல, அத மூணுனு மாத்திடு. கொழுப்புக் கணக்கு தானா பாதியாயிடும்."

"மூணோட யாரு சார் நிறுத்துவா?"

"அத நாமளா போய்ப் பார்க்கப் போறோம்?"

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து நின்றதில் கால் கெஞ்சியது. உறைக்கான தாளில் மூன்று என்று திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேருந்தில் தூங்கி வழிந்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

கதவைத் திறந்ததுமே வாசம் வந்தது. ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறதென்று போன மாதம்தான் மருத்துவர் அவள் கணவரை அதட்டி அனுப்பியிருந்தார். அவர் தட்டை நீட்டினார். அதே வளையங்கள்.

"உனக்கும் சேர்த்துச் சுட்டு வச்சேன். களைச்சுப்போய் வருவேல்ல."

"நீங்க எத்தனை சாப்பிட்டீங்க?"

"இந்த எட்டு போக பாக்கெட் பூரா. லேசுதானே? பொரிச்சதா இருந்தா ரெண்டோட நிறுத்தியிருப்பேன்."

தோளில் பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எண்ணெயில் முக்குவதையும் வளையத்தைக் குறைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"கையெழுத்து நீயா போட்ட?"

"நானேதான்."

அவர் தட்டை எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டினார்.

மறுநாள் காலை அவள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கித் தன் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தாள். மேலாளர் கோபப்படவில்லை. "உன் இஷ்டம்மா" என்று பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டார். அந்தப் பெண் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உறை மூன்று வளையத்தோடே அச்சுக்குப் போயிற்று. அடுத்த வாரம் தராசைக் குடிநீர்ச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"அங்க எப்படி இருக்கு?" என்று கணவர் கேட்டார்.

"தண்ணியில கொழுப்பு இல்ல. யாரும் குறைக்கச் சொல்ல மாட்டாங்க" என்றவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.