மேஸ்திரி வரவில்லை

சித்தேரி மலையில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று, அரூர் சந்தைக்குப் புளி கொண்டுவந்த ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். அது போதுமானதாக இருந்தது. எழுபத்தாறாம் வருடம் அது. பெரியம்மை நாட்டை விட்டே போய்விட்டது என்று மேலிடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எங்கே ஒரு கொப்புளம் என்றாலும் ஆள் நேரில் போய்ப் பிள்ளையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். பெரியம்மை என்றால் மலையையே அடைத்து ஒருவர் விடாமல் ஊசி குத்த வேண்டும். சின்னம்மை என்றால் அத்தோடு முடிந்தது. ஆள் என்றால் பிலவேந்திரன்தான். அம்மை குத்துகிறவர்களில் அந்த மலைக்கு வழி தெரிந்தவர் அவர் ஒருவர்.

வழி தெரிந்தது உண்மையில் அவருக்கு அல்ல, நாய்க்கு. நாய் செத்துவிட்டது.

அவர் முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு ஏறினார். ஐம்பது வயதுக்கு அந்த ஏற்றம் அதிகம். முன்பெல்லாம் நாய் முன்னால் போகும். அடுத்த திருப்பத்தில் நின்று, இன்னும் வரவில்லையா என்பதுபோலத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே மனிதன் ஏறுவான். இன்று திருப்பத்தில் கல்தான் இருந்தது.

காரிமங்கலம் சந்தையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே குட்டியாகக் கிடந்ததை அவர்தான் தூக்கி வந்தார். கம்பைநல்லூர்ப் பக்கம் அவர் காட்டில் களை வெட்டு நடந்தால் வரப்பில் உட்கார்ந்து, கை ஓய்ந்தவளைப் பார்த்து ஒரு உறுமல் உறுமும். பெண்கள் சிரித்துக்கொண்டே மேஸ்திரி என்று பேர் வைத்தார்கள். நல்ல நாய் என்று சொல்ல முடியாது. திருடும். கோழிக்குஞ்சைப் பார்த்தால் புத்தி கெட்டுவிடும். பஸ்ஸில் கண்டக்டர்கள் அதை ஏற்ற மாட்டார்கள். அதனால் இரண்டு பேரும் நடந்தார்கள். பாதி மாவட்டத்தை அப்படித்தான் நடந்தே பார்த்தார்கள். மழையில் பாறை இடுக்கில் ஒண்டினார்கள். ஒரே களி உருண்டையைப் பிய்த்துத் தின்றார்கள், பெரிய பாதி நாய்க்குப் போனது.

ஒருமுறை தென்பெண்ணையில் தண்ணீர் ஏறிவிட்டது. மேஸ்திரி நீந்தி அக்கரைக்குப் போய், இவர் இறங்கவில்லை என்று கண்டதும் திரும்பி நீந்தி வந்து இவர் வேட்டியைக் கடித்து இழுத்தது. வேட்டி கிழிந்ததுதான் மிச்சம். அவர் அதை அடித்தார். பிறகு இரண்டு பேரும் கரையிலேயே உட்கார்ந்து வெள்ளம் வடியும்வரை காத்திருந்தார்கள்.

வேலைக்கும் அது உதவியது, கொஞ்ச காலம். மலையூர்களில் நாய் முதலில் போகும், பிள்ளைகள் விளையாட ஓடி வருவார்கள், பின்னாலேயே இவர் ஊசியோடு போவார். இரண்டு வருடத்தில் தாய்மார்கள் விவரமாகிவிட்டார்கள். மேஸ்திரி தலை தெரிந்தால் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சாமைக்காட்டுக்குள் ஓடினார்கள். அதற்குப் பிறகு நாயை ஊருக்கு வெளியே கட்டிப்போட வேண்டியதாயிற்று. அது ஊளையிட்டே காட்டிக்கொடுத்தது.

பாதி வழியில் மலையூர்க்காரன் மாது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க. எங்கீங்க மேஸ்திரியக் காணோம்?"

"வூட்டுல கெடக்குது. வயசாயிடுச்சில்ல."

"அது கெடக்குதா? நீங்க படுத்தாலும் அது படுக்காதே."

பிலவேந்திரன் மேலே ஏறினார். அடிவாரத்திலிருந்து இது மூன்றாவது பொய். செத்துப்போச்சு என்றால் எப்படி என்பார்கள், ஐயோ என்பார்கள், நின்று பேச வேண்டும். அதற்குத் தெம்பு இல்லை.

மலையின் கடைசி ஊரில் குள்ளம்மாள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வரவில்லை. வெளியே ஒரு சட்டியில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. நாற்பது வயதுக்காரியான குள்ளம்மாள் வாசலிலேயே குந்தியிருந்தாள். அம்மை அவள் மகள் தீர்த்தம்மாளுக்குத்தான்.

"வந்துட்டீங்களா. ஆரு சொன்னது?"

"ஆரோ சொன்னாங்க. புள்ளயக் கொஞ்சம் பாத்துட்டுப் போயிர்றேன், குள்ளம்மா. குத்த மாட்டேன். பாக்கறதோட செரி."

"பாக்கறதுக்கு என்னா, பாருங்க. எங்க மேஸ்திரி? கூழு எடுத்து வைக்கறேன்."

மாதுவிடம் சொன்னதையே இவளிடமும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏறி முடித்த களைப்பில் பொய் சொல்லக்கூடச் சோம்பலாக இருந்தது.

"செத்துப்போச்சு."

"எப்ப?"

"போன வெள்ளிக்கெழம."

எழப்போன குள்ளம்மாள் மறுபடி வாசலை அடைத்து உட்கார்ந்தாள்.

"அப்ப உள்ள வராதீங்க. ஆத்தா வந்திருக்கற வூடு. எழவு வூட்டுலருந்து வந்து நிக்கறீங்க."

"எழவா? அது நாயி, குள்ளம்மா."

"நாங்க என்னிக்காச்சும் நாயின்னு கூப்புட்டமா? ஆருங்க குழி வெட்டனது?"

"நாந்தான்."

"தூக்கிப் போட்டது?"

"நாந்தான்."

"அப்பறம் தலைக்கு ஊத்திக்கிட்டீங்களா?"

அவர் யோசித்தார். கிணற்றுமேட்டில் குழி வெட்டினார். மனைவி ராஜமேரி வந்து பார்த்து, "இன்னம் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க, நரி தோண்டிரும்" என்றாள். வெட்டினார். மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் வேலைக்குப் போனார். லீவு கேட்டு எழுத அதில் ஒன்றுமில்லை.

"இல்ல. எங்க வேதத்துல அந்தத் தீட்டெல்லாம் கெடயாது."

"உங்களுக்கு இல்லீன்னா போவுது. ஆத்தாளுக்கு இருக்குதில்ல. வெட்டுன கை அப்படியே இருக்குது, அதோட எம்புள்ளயத் தொடுவீங்களா?"

பத்து வருடத்துக்கு முன்பு என்றால் போலீஸ், அபராதம் என்று மிரட்டி உள்ளே போயிருப்பார். அப்படிப் போன வீடுகளும் உண்டு. இன்று அந்தக் குரலை எடுக்க அவருக்கு மனமில்லை. பார்க்காமல் கீழே போகவும் முடியாது. போனால் நாளைக்கே ஜீப்பும் ஆட்களுமாக வந்து இதே வாசலில் நிற்பார்கள்.

"என்னா பண்ணச் சொல்ற?"

"ஓடையில முழுகிட்டு வாங்க. தொவட்டாம வரணும்." உள்ளே போய் ஒரு சொம்பில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கொண்டுவந்து எட்ட வைத்தாள். "கடசியா இத ஊத்திக்கோங்க."

கார்த்திகை மாதத்து ஓடை. சட்டையைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு வேட்டியோடு இறங்கினார். தண்ணீர் இடுப்பைக் கத்தி மாதிரி அறுத்தது. மூன்று முறை முழுகினார். அப்பா செத்தபோது முழுகியது ஞாபகம் வந்தது, அம்மா செத்தபோது முழுகியது வந்தது. அந்த வரிசையில் இதுவும் சேர்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது, பிறகு இல்லை. அழுகை வரும் என்று தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்துக் காத்திருந்தார். குளிர்தான் வந்தது. சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, பல் கிட்ட, சொட்டச் சொட்ட ஏறி வந்தார்.

குள்ளம்மாள் விலகி வழி விட்டாள்.

பிள்ளை வேப்பிலைமேல் படுத்திருந்தது. அவர் வெளிச்சத்துக்கு நகர்த்தச் சொன்னார். மார்பிலும் முதுகிலும் நெருக்கமாக இருந்தது, கை கால்களில் அங்கங்கேதான். சில கொப்புளம் நீர் கோத்தது, சில காய்ந்து பொருக்கானது. எல்லாம் ஒரே நாளில் வந்ததல்ல. உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், உள்ளங்காலையும் பார்த்தார். பெரியம்மை என்றால் அங்கேயும் போட்டிருக்கும். சுத்தமாக இருந்தன.

"சின்னதுதான்" என்றார். "ஆரும் வர மாட்டாங்க. எறங்கினதும் தண்ணி ஊத்து."

"அது எங்களுக்குத் தெரியாதுங்களா" என்றாள் அவள். "வெளிய வாங்க, வெறைக்கறீங்க."

தன் புருசனின் காய்ந்த வேட்டி ஒன்றைக் கொடுத்தாள். அவர் கட்டிக்கொண்டு வெயிலில் குந்தினார். ஈர வேட்டி வேலியில் தொங்கியது. அவள் எதிரே உட்கார்ந்து, எழவு வீட்டில் கேட்பதுபோல ஆரம்பித்தாள்.

"எத்தினி நாளு படுத்திருந்துச்சி?"

"நாலஞ்சி நாளு. கொட்டாயிலதான்."

"கடசியில தண்ணி குடிச்சுதா?"

"கொஞ்சம்."

"ஆரு ஊத்தனது?"

"நாந்தான். கையில."

"வலியில கத்துச்சா?"

"இல்ல. கொலைக்கறத அதுக்கு முன்னாலயே நிறுத்திக்கிச்சி."

"கண்ணு?"

"தெறந்திருந்துச்சி. மூடி விட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளேயிருந்து பிள்ளை, "எங்க பொதச்சீங்க?" என்றது.

"கெணத்து மேட்டுல. ஆழமா."

"வேற ஒண்ணு வளப்பீங்களா?" என்றாள் குள்ளம்மாள்.

"மாட்டேன். அதுக்கு ஈடா நடக்க எனக்கு இனிமே காலு இல்ல."

"அதுஞ் செரிதான்."

கீழே ஊரில், ஆபீசில், கோயிலில் யாரும் அவரிடம் இதையெல்லாம் கேட்டிருக்கவில்லை. வேட்டி காய வெகு நேரமாயிற்று. அதுவரை அவள் கேட்டாள், அவர் சொன்னார். ஆற்று வெள்ளத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை.