சுற்றுவழி

"மெதுவா, கால் பக்கம் இறக்கிப் பிடிங்க" என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டி அமரர் ஊர்திக்குள் போய்விட்டது. இளையவள்தான் கடைசியாகக் கையை எடுத்தாள். நேற்றுக் காலை அலுவலகத்துக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது அக்காவுக்கு மாரடைப்பு. அவ்வளவுதான்.

காண்ட்ராக்டர் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினார். கையில் ஆள் உயரத்துக்கு மலர்வளையம். அக்காவின் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிறவர். ஊரில் எந்தக் கட்டுமானம் வந்தாலும் அதனால் நீருக்கும் பறவைக்கும் என்ன கேடு என்று ஆராய்ந்து சொல்வது நகராட்சியில் அக்காவின் வேலை. சதுப்பு நிலத்தின் நடுவே இவர் போட்ட சாலையை, பறவைகள் முட்டையிடும் மாதங்களில் மூடிவைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டவள் அவள்தான். அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி இவர் கொடுத்த மனு அடுத்த வாரம் விசாரணைக்கு வருகிறது.

அவர் பெரியப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். "மயானத்துக்கு எதுக்குங்க ஊரைச் சுத்திக்கிட்டு? முட்டை சீசன்னு இப்ப மூடியிருக்கற கேட்டோட சாவி நம்மகிட்டதான் இருக்கு, திறந்து வைக்கச் சொல்லிட்டேன். சதுப்பு ரோட்டுலயே போயிடலாம். அந்தம்மாவுக்கு என்னால ஆன மரியாதை."

பெரியப்பா உருகிப்போனார். "பாத்தியாம்மா, என்ன இருந்தாலும் மனுஷன் மனுஷன்தான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இளையவளுக்குத் தெரியும். "கார்ல கேமராவோட உக்காந்திருக்கறது யாரு சார்?"

"அது... ஒரு ஞாபகத்துக்கு."

"மனுவோட சேத்து வைக்கிற ஞாபகமா? 'அந்தம்மா பெட்டியே இந்த வழியாத்தான் போச்சு, ஒரு குருவிகூடச் சாகல'ன்னு சொல்றதுக்கா?"

பெரியப்பா அவள் முழங்கையைப் பிடித்தார். "சாவு வீட்டு வாசல்ல என்னடி பேச்சு இது? வெயில் ஏறுது. ஆம்புலன்ஸை மட்டும் அந்த வழியா விடறாங்கல்ல? இதுவும் வண்டிதானே?"

"ஆம்புலன்ஸுக்கு விலக்கு இருக்கு பெரியப்பா. உயிரோட இருக்கறவங்களுக்கு. அக்காவே எழுதினது. இப்ப அவ அதுல வரமாட்டா."

அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டின. அவள் கோபத்தையே வைத்துக்கொண்டாள்.

"சுத்துவழின்னா ஒரு மணி நேரம் ஆகும்மா" என்றார் டிரைவர்.

"ஆகட்டும். அவளுக்கு இனிமே என்ன அவசரம்?" காண்ட்ராக்டரிடம் திரும்பினாள். "சார், கேட்டைப் பூட்டச் சொல்லிடுங்க. மரியாதை செய்யணும்னா எங்க பின்னாலேயே வாங்க."

அவர் வரவில்லை. மலர்வளையம் சுவரோரம் நின்றது.

சுற்றுவழி முழுக்கக் குண்டும் குழியும். பெட்டி நகராமல் இளையவள் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டில் பெரியப்பா சாலையைத் திட்டினார், வெயிலைத் திட்டினார், செத்தும் பிடிவாதம் விடாதவள் என்று அக்காவையும் திட்டினார். சதுப்பை ஒட்டிப் போகிற வளைவில் ஒரு லாரி வழியை அடைத்து நின்றது. டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

பெரியப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அடிக்காதப்பா. முட்டை மேல உக்காந்திருக்குமாம்."

பிறகு கதவைத் திறந்து தானே இறங்கி, லாரிக்காரனைத் தேடி வெயிலில் நடந்தார்.