யாரும் அளக்காத தண்ணீர்

எண்ணெய்த் தொட்டியின் உச்சியில் முழந்தாளிட்டு அவள் அளவு நாடாவை உள்ளே இறக்கினாள். நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் எஃகு நாடா. அதன் கீழ்ப்பகுதியில் மஞ்சள் பசை தடவியிருந்தாள். எண்ணெய் பட்டால் அந்தப் பசைக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். குண்டு அடியைத் தொட்டதும் மெல்ல இழுத்தாள். நாடா இடுப்பளவுக்குச் சிவந்து வந்தது. அதற்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கருப்பு.

சிவப்பைக் கந்தலால் துடைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினாள்: எண்ணெய் பதினொரு பீப்பாய். தண்ணீர் தொண்ணூறு.

எண்ணெயில் ஒரு சொட்டுகூடப் பொய் கிடையாது. அதை ஏற்றிப் போகிற லாரிக்காரர் மறுபடி அளப்பார். தண்ணீரை யார் அளக்கிறார்கள்? அது பின்பக்கக் குழாய் வழியாக ஒரு பழைய கிணற்றுக்குள் இறங்கி மறுபடி பூமிக்கடியில் போய்விடும். உண்மையில் அது நாளொன்றுக்கு அறுநூறு பீப்பாய். ஆனால் மேலே வருவதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்றாகிவிட்டால் எண்ணெய்க் கிணற்றில் சிமென்ட் ஊற்றி மூடிவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. மூடினால் அவளுக்கு அளக்கும் வேலை இல்லை, அவள் கணவனுக்குப் பம்பு பார்க்கும் வேலை இல்லை, இருவரும் குடியிருக்கிற இரண்டறை வீடும் இல்லை. அதனால் நான்கு வருடங்களாகத் தண்ணீர் தொண்ணூறைத் தாண்டியதே இல்லை.

அவ்வளவு செய்தும் போன வாரம் கடிதம் வந்துவிட்டது. பதினொரு பீப்பாய்க்காக இனி லாரி அனுப்ப முடியாதாம், அடுத்த மாதம் கிணற்றை மூடிவிடுவார்களாம். இதே கிணறு அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருநூறு கொடுத்தது. இந்த இடம் கடலாக இருந்த காலத்தில், கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் செத்துச் செத்து அடியில் படிந்து, அவற்றின் மேல் மண்ணும் பாறையும் ஏறி, கோடிக்கணக்கான வருடங்கள் புழுங்கி உண்டான எண்ணெய் அது. அதில் பெரும்பங்கு அவள் அப்பா காலத்தில் போயிற்று. மிச்சம் அவள் கண்ணெதிரே, அவள் கையாலேயே அளக்கப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. அது மறுபடி ஊறும்வரை யார் காத்திருக்கப் போகிறார்கள்?

“இறங்கி வா! ஆஸ்பத்திரி ஜீப் வந்தாச்சு,” என்று கீழிருந்து கணவன் கத்தினான்.

நகரத்து ஆஸ்பத்திரியின் இன்ஜினியர் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். கண்ணாடி, பெரிய கம்பளிச் சட்டை, காதில் பென்சில். ஆஸ்பத்திரி வார்டுகளைச் சூடாக்கும் பாய்லர் எண்ணெயில்தான் ஓடுகிறது. குளிர்காலத்துக்குக் குளிர்காலம் எண்ணெய் கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே போகிறது. அவளுக்கு வேண்டியது இந்தக் கிணற்றின் எண்ணெய் அல்ல, அதோடு ஆழத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க ஏறி வரும் தண்ணீரின் சூடு. குழாய் போட்டால் அது வார்டுவரை போகும். ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டால் கிணற்றை மூட மாட்டோம் என்று கம்பெனியும் சொல்லியிருந்தது.

பதிவேட்டைப் புரட்டப் புரட்ட இன்ஜினியரின் முகம் வாடியது.

“தொண்ணூறுதானா? ஒரு வார்டுக்குக்கூடப் பத்தாதேக்கா.”

“எவ்வளவு இருந்தா பத்தும் மேடம்?”

“நானூறாவது வேணும். வீணா அலைஞ்சதுதான் மிச்சம்.”

இன்ஜினியர் பதிவேட்டை மூடி நீட்டினாள். அளவுக்காரி கைநீட்டி வாங்கவில்லை. வாயைத் திறந்தால் பொய் எழுதியவள் என்று இன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். திறக்காவிட்டால் அடுத்த மாதம் சிமென்ட் வண்டி வரும். எந்தத் தண்ணீரை மறைத்துக் கிணற்றைக் காப்பாற்றினாளோ, அந்தத் தண்ணீரை மறைத்ததாலேயே அது மூடப்படும்.

“மேடம், அது பொய்,” என்றாள்.

“எது?”

“தொண்ணூறு. நான்தான் குறைச்சு எழுதினேன். அறுநூறுக்குக் குறையாது.”

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினாள். “எத்தனை நாளா?”

“நாலு வருஷமா.”

“நாலு வருஷம், தினமும் பொய்யா?”

“ஞாயித்துக்கிழமை லீவு மேடம்,” என்றான் கணவன்.

அளவுக்காரி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“தண்ணி இழுக்கிற பம்புக்குச் சத்தமே வேறடி. எனக்கென்ன காது அடைச்சுப் போச்சா?”

“அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“நீ ஏன் சொல்லல?”

“சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்,” என்றாள் இன்ஜினியர். “தண்ணி நிறைய இருக்குன்னு ஏமாத்தின ஆளுங்களைத்தான் இதுவரை பாத்திருக்கேன். ஒளிச்சு வெச்ச ஆளை இப்பத்தான் பாக்கறேன். வாங்க, கண்ணால பாக்கணும்.”

பாதி நாள் அளந்தார்கள். பின்பக்கக் குழாயில் மீட்டர் மாட்டி மூவரும் மாறி மாறிப் படித்தார்கள். மதியத்துக்குள் நூற்று ஐம்பது. இருபத்துநான்கு மணி நேரத்தில் அறுநூறைத் தொடும் வேகம். இன்ஜினியர் எண்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டே சொன்னாள்: “என் ரிப்போர்ட்ல இந்த நாலு வருஷத்தை எழுதாம விட முடியாதுக்கா. எப்படி எழுதறதுன்னுதான் தெரியல.”

“உள்ளதை எழுதுங்க மேடம். நான் எழுதினது போதும்.”

இன்ஜினியர் பென்சிலைக் காதில் செருகினாள். பிறகு ஜீப்புக்குப் போய், பின்னால் கிடந்த தார்ப்பாயை விலக்கினாள். அடியில், சோதித்துப் பார்க்க ஏதோ வார்டிலிருந்து கழற்றி வந்த, அறையைச் சூடாக்கும் பழைய இரும்பு ரேடியேட்டர். வெள்ளைப் பெயின்ட் உரிந்து, பக்கவாட்டில் ஏழு என்ற எண். மூன்று பேருமாகத் தூக்கி வந்து புல்லில் நிறுத்தி, நல்ல தண்ணீர் நிரப்பி, கிணற்றுத் தண்ணீரின் சூட்டை வாங்கி அதற்குத் தரும் சின்னப் பெட்டியோடு குழாய்களை இணைத்தார்கள். கணவன் வால்வைத் திருகினான். குழாய்க்குள் ஏதோ கனைத்தது.

ரேடியேட்டர் அசையாமல் நின்றது. அளவுக்காரி இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தாள். இரும்பின் குளிர் எலும்புவரை ஏறியது. கணவன் ஈரப் பூட்ஸைக் கழற்றி, காலுறைகளையும் உருவி, ரேடியேட்டரின் மேல் பக்குவமாக விரித்தான்.

“ஆஸ்பத்திரி சாமான்ங்க அது! எடுங்க,” என்றாள் அளவுக்காரி.

“நோயாளி யாரும் பாக்கல,” என்றான் அவன்.

அவள் காலுறையை எடுக்கக் கை நீட்டி, நீட்டியபடியே நின்றாள். சாம்பல் நிறக் கம்பளியிலிருந்து, முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, நூலளவு ஆவி கிளம்பி, பனியோடு கலந்து மேலே போய்க்கொண்டிருந்தது.