மட்டாஞ்சேரிக்கு வந்த செந்தோள் பட்சி

காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் விசாலாக்ஷி இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூடச் சாப்பிட்டதில்லை. அதற்கும் இந்தப் பங்குனியில் வந்தது வினை. கனடாவிலிருந்து மகள் சுபாஷிணி, பனி போனதும் அங்கே வரும் ஒரு பறவையைப் படமெடுத்து அனுப்பினாள். உடம்பெல்லாம் கறுப்பு, தோளில் சிவப்பு, அதன்கீழே மஞ்சள் கரை. போதாதா! வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூன்று மாதமாகக் கேமராவும் கையுமாக அலையும் அவள் கணவர் வெங்கிடராமனுக்கு அதே மாதிரி ஒன்று மட்டாஞ்சேரியிலும் வேண்டுமாம். கலூர் நிகில் வேறு, பறவைக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் தினம் ஒரு புதுப் பறவையைப் போட்டு அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தான்.

"விசாலம், இனிமே பால்கனியில காக்காக்குச் சாதம் வைக்கப்படாது. காக்கா இருந்தா மத்த பட்சி ஒண்ணும் வராதாக்கும்."

"அப்போ நான் எப்படிச் சாப்பிடறது?"

"மிண்டாதே, பேசாம இரு! லென்ஸ் ஆடறது."

லென்ஸ் ஆடுகிறதாமே! இரண்டு நாள் அவள் சோற்றில் கை வைக்கவில்லை. எதிர்வீட்டு ஓட்டின்மேல் உட்கார்ந்து காக்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் அழுகை முட்டியது. பிறகு கோபம். கோபத்தோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது.

சமையலறை ஜன்னலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே காக்கை தோளை ஒடுக்கித்தான் நுழைய முடியும். மூன்றாம் நாள் காலை அந்தக் கம்பிகளில் தேங்காயெண்ணெயில் குழைத்த குங்குமத்தைத் தடவினாள். அதன்கீழே மஞ்சள். உள்ளே பருப்புசாதம். பால்கனிக்குக் கேட்காமல், "கா... கா..." என்று கூப்பிட்டாள். காக்கை நுழைந்தது, தின்றது, வந்த வழியே போயிற்று.

ஐந்து நிமிஷத்தில் பால்கனியில் ஒரே கூச்சல். "விசாலம்! ஓடி வா! இங்கேயும் வந்துடுத்து!"

நாற்பது படம் எடுத்தார். அவள் மோவாயில் கை வைத்து, "அட, என்ன லக்ஷணம்!" என்றாள்.

குழுவுக்கு அனுப்புமுன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அலகில் ஒரு சோற்றுப் பருக்கை, அதில் பருப்பு. மெல்லத் திரும்பி அவள் மோவாயைப் பார்த்தார். அங்கே நாலு விரல் குங்குமம்.

விசாலாக்ஷிக்குத் திக்கென்றது. போச்சு, இனி ஜென்மத்துக்கும் காக்கைக்குச் சோறில்லை என்று நினைத்தாள்.

அவர் கேமராவை அணைத்தார். மீசை துடித்தது.

"நாளைக்கும் சாதம் வை," என்றார். "கம்பியில கொஞ்சம் சொட்டு நீலம் தடவு. நிகிலைச் சாயாவுக்குக் கூப்பிடறேன்."